தலைவரை யார் தேர்ந்தெடுப்பது?

8 ஜூன் 2025, ஞாயிறு
நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவர் தேர்வு. யார் என்று இப்போதே தெரியும். ஐந்து பிளாக் பிரதிநிதிகளும் ரகுநாதன் சார் வீட்டில் கூடுவார்கள். பொங்கல், வடை சாப்பிட்டுவிட்டு அவரையே தேர்ந்தெடுப்பார்கள். ஆறு வருடமாக இதே கூத்து. நூறு வீட்டுக்காரர்கள் எதற்கு இருக்கிறோம்? பற்றிக்கொண்டு வருகிறது.

11 ஜூன்
ஆபீஸ் பிரெஞ்சு வகுப்பில் அந்த நாட்டு ஜனாதிபதி தேர்தல் பாடம். வெகுகாலம் நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. 1958-இல் சுமார் எண்பதாயிரம் பிரதிநிதிகள். 1965 முதல் மக்களே நேரடியாக. பொதுக்குழுவில் இதைப் பேசியே தீருவேன். "உனக்கு எதுக்கு வம்பு?" என்கிறார் லிபின். என்னைக் கட்டியவர், அப்படித்தான் சொல்வார்.

15 ஜூன், ஞாயிறு
மானம் போச்சு. பிரான்ஸைப் பற்றி நான் அளந்து முடித்ததும், ரகுநாதன் சார் போனைப் பார்த்தபடி, "அங்க 1848லயே ஜனங்க நேரா ஓட்டு போட்டாங்க. ஜெயிச்சவர் நாலே வருஷத்துல சக்கரவர்த்தி ஆயிட்டார். அதைப் படிக்கலையாம்மா?" என்றார். ஹாலே சிரித்தது.

படிக்கலையே! பாதிப் பாடத்தோட எதுக்குடி எழுந்து நின்னே?

16 ஜூன்
யார் முகத்திலும் விழிக்கவில்லை.

18 ஜூன்
மீதியையும் படித்தேன். 1962-இல் அவர்கள் செய்தது — ஜனாதிபதியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையே மக்களிடம் ஓட்டுக்கு விட்டிருக்கிறார்கள்! தரைத்தளத்து நாகம்மாவிடம் ஓடினேன். இந்தக் குடியிருப்புக்கு நிலம் கொடுத்து, பதிலுக்கு வீடு வாங்கியவர்.

"அப்ப நம்மளாண்டயும் கேக்கச் சொல்லு. யாரு தலிவருன்னு நோட்டீஸ் பாத்துத் தெரிஞ்சிக்கினு கீறோம். இன்னா ஞாயம் இது?"

சொன்ன கையோடு, வீடு வீடாகக் கையெழுத்து வாங்க என்னோடு கிளம்பிவிட்டார்.

22 ஜூன்
அறுபத்துமூன்று கையெழுத்து, பாதி வீடுகளுக்கு மேல். இனி சங்க விதிப்படி ஓட்டெடுப்பு நடத்தியே ஆக வேண்டும்.

29 ஜூன், ஞாயிறு
ஜெயிச்சுட்டோம்! நேரடித் தேர்தல் வேண்டும்: 71. வேண்டாம்: 18. யாரும் சக்கரவர்த்தி ஆகிவிடாமல் இருக்க, வருடா வருடம் தேர்தல் என்றும் சேர்த்தாகிவிட்டது. லிபின்தான் முதலில் விசில் அடித்தார்.

5 ஜூலை, சனி
ஆறு வருடத்தில் முதல் முறையாக ரகுநாதன் சார் எங்கள் வீட்டு மணியை அடித்தார். உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். எங்கள் பிளாக்குக்கு மட்டும் தண்ணீர் லாரி கடைசியாக வருவதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டார்.

"அப்ப நாளைக்கு உங்க ஓட்டு எனக்குத்தானே, ஜெனிஷாம்மா?"

"நாகம்மாவும் நிக்கிறாங்களே சார்," என்றேன். "யோசிக்கிறேன்."