அடுத்த வாரம் எது சூடுபிடிக்கும்?

அன்புள்ள எதிர்க்கட்சித் தலைவிக்கு,

அடுத்து நாடே எதைப் பற்றி வாதாடும் என்று தொலைக்காட்சிக்குக் கணித்துச் சொல்வதுதானே என் பிழைப்பு! இந்த முறை வீட்டு வாடகை என்றேன். செய்தி ஆசிரியர் சிரித்தார். இரண்டே நாளில் ஊரெல்லாம் அதே பேச்சு. மந்திரியே பதில் சொல்கிறார்.

"எப்படிய்யா கண்டுபிடிச்ச?"

"அனுபவம் சார்!"

நீ கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது, "இவ்ளோ வாடகை குடுக்குறோம், சமையக்கட்டுல ஒரு ஜன்னல்கூட இல்ல!" என்று கத்தியதை நான் ஆசிரியரிடம் சொல்லவில்லை.

இப்போது அடுத்தது என்ன என்று நச்சரிக்கிறார். வீட்டில் கத்த ஆளில்லாமல் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

வேறு வீடு பார்த்துவிட்டேன். சமையலறைக்கு இரண்டு ஜன்னல். திரைச்சீலையின் நிறம் மட்டும் உன் ஓட்டுக்காக நிற்கிறது.

இப்படிக்கு,
பெரும்பான்மை இழந்த ஆளுங்கட்சி