நான் வெட்டிய ஒரு வரி

என் அன்பு அம்மாவுக்கு,

நம் ஊர் ஓஸ்டர்முண்டிகனில் இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி இன்று விழுந்தது. உங்கள் வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தெருவில் நின்று பார்த்தேன், ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. நன்றாகச் சூடு போட்டிருக்கிறார்கள் போல. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுபடியும் எரிவாயுத் தட்டுப்பாடு வரலாமாம். ஏற்றுமதி செய்கிற நாடுகளுக்குள் பிரச்சினை, கப்பல்கள் பிந்துகின்றன. இந்த நாட்டுக்குச் சொந்த எரிவாயுக் கிணறும் இல்லை, பெரிய சேமிப்பும் இல்லை. அயல் நாடுகளின் குழாய்களை நம்பித்தான் குளிர்காலம் கழிகிறது. விற்கிறவர் கையில்தான் நம் தேசியப் பாதுகாப்பு என்று தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். வீட்டுச் சூட்டைக் குறைக்கச் சொல்லும் அரசின் சிக்கன அறிவித்தலைத் தமிழில் தரச் சொல்லி இம்முறையும் என் மொழிபெயர்ப்பு மேசைக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

போன தடவை நான் மொழிபெயர்த்ததை நீங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தீர்கள். நான் வந்தபோது ஹீற்றர் பூச்சியத்தில் இருந்தது. கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

“என்னம்மா இது, விறைச்சுச் சாகப்போறியளோ?” என்றேன். அப்படித்தான் கேட்டேன்.

“யாழ்ப்பாணத்தில எங்களுக்கு மண்ணெண்ணெயை மறிச்ச காலம் உனக்குத் தெரியாது பிள்ளை, நீ இஞ்ச பிறந்தனி. விக்கிறவன் மறிச்சா சனம்தான் தாங்கோணும். இல்லாட்டி நாடு அவன்ர காலில விழோணும். இந்த நாடு எங்களுக்கு இருக்க இடம் தந்தது. நான் என்னத்தைத் திருப்பிக் குடுத்தன், சொல்லு?”

“அதுக்கு முழுசா நிப்பாட்டோணுமோ?”

“குறைக்கச் சொல்லித்தானே கிடக்கு. என்ர பிள்ளை எழுதினது.”

நான் சிரித்தேன். ஹீற்றரை மூன்றுக்குத் திருப்பிவிட்டுப் போனேன். நான் படி இறங்க முன்னரே நீங்கள் மூடியிருப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பிடிவாதத்தை அலுவலகத்தில் கதையாகச் சொல்லி மறுபடி சிரித்தேன்.

இரண்டு கிழமையில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. வயது, பலவீனமான நெஞ்சு என்றார் டொக்டர். குளிரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை தெரியுமா அம்மா?

ஜெர்மன் மூலத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. முதியவர்களும் நோயாளர்களும் சூட்டைக் குறைக்க வேண்டாம் என்று. தமிழ் ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. இது யாருக்குத் தெரியாது என்று நினைத்து நான்தான் வெட்டினேன். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வரி இருந்திருந்தால் கேட்டிருப்பீர்களா? இல்லை, “எனக்கென்ன வயசு போட்டுதோ” என்று என்னோடு சண்டைக்கு வந்திருப்பீர்களா?

நேற்று புதிய அறிவித்தலை முடித்தேன். அந்த வரியை முதலில் வைத்தேன், பெரிய எழுத்தில். பக்கம் இரண்டாகிவிட்டது. ஒன்றாகச் சுருக்கச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

தனியாக இருக்கிற நம் முதியவர்களின் வீடுகளுக்கு நானே கொண்டுபோவேன். வாசித்துக் காட்டுவேன். ஹீற்றரைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறது என்று தெரிந்த பிறகுதான் படி இறங்குவேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு, அம்மா.

எழுதினால் சரியாய்த்தான் இருக்கும் என்று நீங்கள் நம்பிய பிள்ளை,
சுபா