இலவு காத்த மகனுக்கு

மகனே,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். சூடாக்கிக்கொள்.

நேற்று மருமகளிடம் நீ பேசியது பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்குத் தெளிவாகவே கேட்டது. "அப்பா பாலிசிக்கு வருஷா வருஷம் பிரீமியம் கட்டிக் கட்டி எனக்குத்தான் நாக்குத் தள்ளுது. மனுஷன் போற வழியக் காணோம்."

இலவு காத்த கிளியின் கதையை உன்னை மடியில் வைத்துச் சொன்னவன் நான். நீ கிளியின் பக்கம் நின்று கேட்டிருக்கிறாய் என்று அப்போது தெரியவில்லை.

பாலிசியை ரத்து செய்ய ஆயுள் காப்பீட்டு அலுவலகம் போகிறேன். மாலையில் தவணை வாங்க முகவர் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பு. நான் நெடுநாள் வாழ வேண்டுமென்று விரும்பியவர் அவர் ஒருவரே.

அப்பா

பி.கு.: இனி நான் செத்தால் உனக்கு ஒன்றும் வராது, இருந்தால்தான் மாதந்தோறும் என் ஓய்வூதியம் வீட்டுக்கு வரும். இருமல் மருந்து தீர்ந்துவிட்டது. மறவாமல் வாங்கி வை.