மூன்று ஈடும் பன்னிரண்டும்

அண்ணா,

பெரிய பேரன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். சின்னவன் ஓட்டப்பந்தயத்தில் கப் வாங்கினான். பேத்தி பொத்தேரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். கணக்கில் அவள்தான் வகுப்பில் முதல். நீ கோவைக்கு மகனோடு போனபின் மடலுக்கு மடல் இப்படிச் சொல்லிவிட்டு, புது போட்டோ ஒன்று தபாலில் போடு என்று கேட்பேன். இனிக் கேட்கமாட்டேன். மாலை போட்ட படத்திலேயே உன் இளக்காரச் சிரிப்பு நன்றாக விழுந்திருக்கிறது.

இன்று காலை இட்லிப் பானை ஆவி விடும்போது பேத்தி உன் பழைய டியூஷன் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்குப் போனபோது உன் மகன் கொடுத்தது.

"பாட்டி, இது ஹெக்சாடெசிமல். பத்து பத்தா இல்லாம பதினாறு பதினாறா எண்றது. ஒன்பதுக்கு மேல எழுத்துதான்; பன்னெண்டுக்கு சி. 3C-ன்னா மூணு பதினாறும் பன்னெண்டும், அறுபது. மூணையும் பன்னெண்டையும் கூட்டினா பதினஞ்சு வருதா? அப்போ அறுபதும் பதினஞ்சால மீதியில்லாம வகுபடும். தாத்தா இதை இட்லி வெச்சு விளக்கியிருக்காரு பாரேன்! மேல 'என் முறை'ன்னு போட்டிருக்கு."

கரண்டியை வைத்துவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

அந்த நாளில் உன் கூடுவாஞ்சேரி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினைந்து பிள்ளைகள் உன்னிடம் பரீட்சை எழுத வருவார்கள். அவர்களுக்குச் சமைக்க நான் தாம்பரத்திலிருந்து ரயிலேறி வருவேன். உன் வீட்டுப் பானையில் ஒரு தடவை வேகும் ஈட்டுக்குப் பதினாறு இட்லி. ஒரு ஞாயிறு மூன்று முழு ஈடு வெந்தது. நான்காவதில் மாவு பன்னிரண்டோடு தீர்ந்தது. நீ வந்து எண்ணத் தொடங்கினாய்.

"எண்ணாதே அண்ணா, பதினஞ்சு பேருக்கும் சரியா வரும்."

"அதெப்படி?"

"ஒரு ஈட்டுல ஆளுக்கொண்ணு குடுத்தா ஒண்ணு மிஞ்சும். மூணு ஈட்டுக்கு மூணு. அதோட இந்தப் பன்னெண்டு. மறுபடியும் ஆளுக்கொண்ணு."

பிள்ளைகள் பக்கம் திரும்பினாய். "கேட்டீங்களாடா? அஞ்சாங்கிளாஸ் மேதை! இட்லிக்கும் தியரம் வந்துடுச்சு!"

அவர்கள் சிரித்தார்கள். நீ அறுபதையும் ஆறவிட்டு எண்ணினாய். ஆளுக்கு நான்கு. "குருட்டு அதிர்ஷ்டம்" என்றாய். அடுத்த வாரம் இரண்டு ஈடும் ஒன்பதும். பதினொன்று மிஞ்சும் என்றேன், மிஞ்சியது. அதற்கும் அதே குருட்டு அதிர்ஷ்டம்.

அடுப்படிக்கு ஆள் வேண்டுமென்று என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நீ எம்.எஸ்ஸி. வரை போனாய். அவ்வளவு படித்தும் விளங்கவில்லை என்றால் பாவம் என்று விட்டிருப்பேன். உனக்கு விளங்கியிருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லத்தான் வாய் வரவில்லை. பாத்திரம் திருடுகிறவன்கூட அதில் வெட்டிய பெயரைச் சுரண்டிவிட்டுத்தான் விற்பான். நீ அதே மூன்றையும் அதே பன்னிரண்டையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறாய். அவ்வளவுதான் உன் சாமர்த்தியம்.

இன்னொன்று. அன்று அறுபதும் பதினைந்து பேருக்கு மீதியில்லாமல் போனது. சமைத்தவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கணக்கு வாத்தியார் கண்ணில் அது படவேயில்லை.

பேத்தியிடம் பேனா வாங்கி, 'என்' என்பதை அடித்துவிட்டு 'தங்கையின்' என்று எழுதினேன். எழுத்து கோணல்தான்; அஞ்சாங்கிளாஸ் அல்லவா.

பிறகு பானையைத் திறந்தேன். முதல் இட்லியை என் தட்டில் வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் அதற்கப்புறம்தான் வகுக்கிறேன்.