கடலில் விட்ட கொப்பி

நானா,

இன்று காலை இறங்குதுறைக்கு எதிரேயுள்ள கடையில் தேநீருக்காக நின்றபோது, கப்பலிலிருந்து கரையிறங்கிய பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "சபோன்" என்றார். கடைக்காரர் சவர்க்காரக் கட்டி ஒன்றை எடுத்து வைத்தார். வேப்பெண்ணெய் மணம் எழுந்தது. நீங்கள் கை கழுவி வந்து உங்கள் கொப்பியைத் திறக்கும்போதெல்லாம் எழுந்த அதே மணம். தேநீரை மறந்தேன். அந்தச் சொல்லை வெட்டியவன் நான் அல்லவா?

வாழ்நாளின் பெரும்பகுதியைக் கப்பற் சமையலறையில் கழித்தவர் நீங்கள். இந்தியரும் பிலிப்பைன்ஸ்காரரும் ஒன்றாக வேலை செய்த கப்பல்கள். ஊர் திரும்பியபின்பும், துறைமுகத்தில் சீனன்குடாப் பக்கம் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்கள் இறங்கினால், உங்கள் ஊரான கிண்ணியாவிலிருந்து புறப்பட்டு வந்துவிடுவீர்கள். கொப்பியின் இடப்புறம் இந்தி, வலப்புறம் பிலிப்பினோ, நடுவில் நமது தமிழ். எல்லாம் தமிழ் எழுத்தில். ஒரு சொல்லைக் கேட்டால் சொன்னவரிடமே மூன்று முறை திருப்பிச் சொல்வீர்கள். அவர் தலையசைத்தால் எழுதுவீர்கள். சிரித்தால் மறுபடியும் முதலிலிருந்து.

நானோ துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்ந்தவன். கோயிற் புராணபடிப்பில் ஒருவர் செய்யுளைப் படிக்க, அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்பவன். இதே கடையில், நான் உங்களை அண்ணன் முறையில் நானா என்று அழைக்கத் தொடங்குமுன், நீங்கள் முதன்முதலாக என்னிடம் கேட்டது இது:

"ஐயா, முகத்தை இந்திக்காரன் 'முக்' எண்டுறான், பிலிப்பைன்காரன் 'முக்கா' எண்டுறான். ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்திலயோ படிச்சவங்க?"

எனக்கு மெய்சிலிர்த்தது. வடமொழி என்றேன். நீங்கள் பக்கம் புரட்டப் புரட்ட, அங்கே 'குரு', இங்கே 'குரோ'. அங்கே 'தேவ்தா', இங்கே 'திவாத்தா'. நான் பூசையில் உச்சரித்த சொற்கள் எனக்கு முன்பே பெருங்கடல் தாண்டிப் போயிருந்தன. அன்று முதல் நீங்கள் படிப்பவர், நான் பயன் சொல்பவன் என்றாகிவிட்டது.

ஆனால் உங்கள் ஆர்வம் வேர்களோடு நிற்கவில்லை. "சாப்பிட்டாயோ எண்டு கேக்க, பிலிப்பைன்காரன் சாப்பிடுற சொல்லை முன்னுக்கு வைப்பான். இந்திக்காரன் எங்களைப் போலக் கடைசியில வைப்பான். பசி ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்திலதான் வாறது" என்றீர்கள். பிறிதொரு நாள், "இந்தியில கதிரையும் பொம்பிளை, மேசையும் பொம்பிளை. பிலிப்பைன்காரனுக்கு அவனும் அவளும் ஒரே சொல்லு. இவங்க ரெண்டு பேரையும் ஒரே மேசையில இருத்திச் சோறு போட்டவன் நான்!" என்று மார்பில் தட்டிக் கொண்டீர்கள்.

நோய் கண்டு கண் மங்கியபோது, ஈரம் குடித்துத் தாள் உதிரத் தொடங்கிய அந்தக் கொப்பியை என் கையில் தந்து, புதிதாகப் பெயர்த்தெழுதச் சொன்னீர்கள். நான் நீராடி, திருநீறு பூசி, பிள்ளையார் சுழியிட்டு எழுதினேன். எழுதும்போதே தெரிவு செய்தேன். வடமொழி வேர் தெரிந்தவற்றை வைத்துக்கொண்டேன். 'சபோன்', 'சப்பாத்தோஸ்', 'குசினா' போன்றவை ஸ்பானியர் விட்டுப்போன கலப்பென்று வெட்டினேன். இந்தியில் 'சாபுன்', 'மேஸ்' ஆகியவற்றுக்கும் அதே கதி. வாசலில் நான் கழற்றி வைத்ததும் சப்பாத்துத்தான், எனக்குச் சோறு வெந்ததும் குசினியில்தான் என்பது அப்போது மனத்தில் தைக்கவில்லை. பிரதி முடிந்ததும், பழுதான ஏட்டைப் பெயர்த்தெழுதியபின் நீரில் விடும் எங்கள் குடும்ப வழக்கப்படி, உங்கள் கொப்பியை மஞ்சள் துணியில் சுற்றிக் கடலில் விட்டேன். புண்ணியம் செய்ததாகவே எண்ணினேன்.

புதியதை உங்கள் மகள் வாசிக்க, கட்டிலில் சாய்ந்தபடி கேட்டீர்கள். பாதியிலேயே கையை உயர்த்தினீர்கள்.

"ஐயா, இதில மனிசன் கை கழுவ, காலில போட, சமைக்க ஒண்டும் இல்லையே. ஒரே பூசையாக் கிடக்கு. பழைய கொப்பி எங்க?"

சொன்னேன். உங்கள் வயிறு குலுங்கியது. அழுகையென்று பயந்தேன்; சிரிப்பு.

"கடலில கேட்டுச் சேர்த்ததைக் கடலுக்கே குடுத்திட்டீங்க. அப்ப அங்க போய்த்தான் திருப்பிக் கேக்கோணும்."

ஓம், கேட்டு வருகிறேன் என்றேன். அடுத்த பிறை காணுமுன் நீங்கள் கண்மூடிவிட்டீர்கள். என் ஓம் வாயளவிலேயே நின்றது. வெட்கம் என்னைத் துறைமுகப் பக்கம் போகவிடவில்லை.

போன வெள்ளி உங்கள் மகள் வந்தார். மருமகனுக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசியில் ஏறுகிறார். கப்பலில் பாதிப்பேர் இந்தியர், பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர்.

"வாப்பாட கொப்பியை அவருக்குத் தருவீங்களோ ஐயா?"

"அது முழுசாய் இல்லைப் பிள்ளை. பிழை என்னுடையது."

"தெரியும் ஐயா. ஐயாவைக் கேளு, முடிச்சுத் தருவார் எண்டு வாப்பா சொன்னவர்."

என் பிழையை அறிந்தபின்பும் நீங்கள் வைத்த நம்பிக்கை அது. அதற்குமேல் எனக்கு ஒளிய இடமில்லை. காலைப் பூசை முடிந்ததும் இறங்குதுறைக்கு வருகிறேன். முழங்கால் ஒத்துழைப்பதில்லை, காதும் அப்படியே. ஆனாலும் வருகிறேன். நூற்பொருள் கூறிப் பழகிய நாவை அடக்கி, கேட்பதற்கு மட்டும் திறக்கிறேன்.

இன்று அந்த மாலுமி சவர்க்காரத்தோடு திரும்புமுன் வழிமறித்தேன். கட்டியைக் காட்டி, "சபோன்" என்றேன். சிரித்தார். மறுபடியும் சொன்னேன், மறுபடியும் சிரித்தார். நான்காம் முறை தலையசைத்தார். அருகில் நின்ற இந்தியர் ஒருவர் கேளாமலே, "சாபுன்" என்று எடுத்துக் கொடுத்தார். "நாங்க ஓதுற மொழியிலயும் சாபூன்தான்" என்று நீங்கள் ஒருமுறை சொன்னது அப்போதுதான் நினைவில் மீண்டது. அதையும் ஓரத்தில் அரபென்று குறித்தேன்.

புதுக் கொப்பியிலும் பிள்ளையார் சுழி இட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை விட ஏலாது. அதன் கீழே முதற்சொல் சவர்க்காரம். மாதக் கடைசிக்குள் குசினி முழுவதையும் கேட்டு முடிப்பேன்.

இந்தக் கொப்பியும் கடலுக்குத்தான் போகிறது, நானா. உங்கள் மருமகனின் பெட்டியில், சவர்க்காரத்துக்குப் பக்கத்தில்.