முசிறியில் தேடினேன், மதினி

என் உயிருக்குயிரான மதினிக்கு,

நான் வந்து சேர்ந்துவிட்டேன். அக்கரப்பத்தனையில் மழை விடவில்லை. கடல் தாண்டிப் போய்த் திரும்பிய பிறகும் எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தோன்றவில்லை. அடுப்பை மூட்டுகிறேன், பாதியில் எழுந்து வாசலுக்கு வருகிறேன். பக்கத்தில் உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. பேச வேண்டியதெல்லாம் பேசாமலேயே கிடக்கிறது. யார் படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் என் புருஷனின் அக்கா. உங்கள் தம்பி வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு ராகலைப் பக்கம் போனபோது, லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் என்னிடம்தான் குறை தேடினார்கள். பிள்ளை இல்லை, அதனால்தான் என்றார்கள். நீங்கள் ஒருவர்தான் வாசலில் நின்று சத்தம் போட்டீர்கள்.

"போனது என் தம்பி. கேக்குறதா இருந்தா என்னையக் கேளுங்க. அந்தப் புள்ளைய விடுங்க!"

அதற்குப் பிறகும் நான் தேறவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கும்போது தலை நிமிராது. கை தேயிலைக் கொழுந்து பறிக்கும், மனம் எங்கோ கிடக்கும். கூடையில் முற்றிய இலை விழுந்து கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன். அன்று சாயங்காலம் என்னை இழுத்து உட்கார வைத்தீர்கள்.

"இங்கேயே கெடந்தா பைத்தியமாயிருவ, அழகு. ஒங்க ஆத்தா பொறந்த ஊருக்குப் போயிட்டு வா. முசிறியில ஒங்க மாமன் இருக்காருல்ல?"

"நான் இங்க பொறந்தவ மதினி. அங்க எனக்கு யாரத் தெரியும்?"

"யாரையும் தெரியாத எடந்தான் இப்ப ஒனக்கு வேணும்."

பிரஜாவுரிமை இல்லாதவள் கடல் தாண்டினால் திரும்ப விடுவார்களா என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். கடுதாசியில் எழுதிக் கொடுத்த தவணைக்குள் வந்துவிட வேண்டும், தவறினால் கதவு சாத்திவிடும் என்றார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறும்வரை அந்தப் பயம் கூடவே வந்தது. கப்பல் நகர்ந்ததும் வேறொன்று தோன்றியது. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குக்கூட நான் விட்டுவிட்டுப் போகப்பட்டவள் என்று தெரியாது. எத்தனை நாளைக்குப் பிறகு நிமிர்ந்து நின்றேன், தெரியுமா?

மாமா வீட்டில் நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வெயிலும் சமதரையும் எனக்கு ஒத்துவரவில்லை. கண்ணுக்கு எட்டியவரை ஒன்றுமே தடுக்காத ஒரு நிலத்தில் எங்கே பார்ப்பது? நடவுக்குப் போனேன். நான் குனிகிற அழகைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். பெயரை விட்டுவிட்டு 'சிலோன்காரி' என்று கூப்பிட்டார்கள். இங்கே நம்மை இந்தியாக்காரர் என்கிறார்கள், அங்கே போனால் சிலோன்காரி. நான் எந்த ஊர்க்காரி மதினி?

மாமா சும்மா இருக்கவில்லை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவருக்கு என்னைக் கட்டிவைக்கப் பார்த்தார். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். என்னையே நேரில் வந்து கேட்டார்.

"ஒங்க மாமா சம்மதிச்சுட்டாரு. ஒனக்குச் சம்மதமா? அதச் சொல்லு."

என் சம்மதத்தைக் கேட்ட முதல் ஆண்பிள்ளை அவர்தான். மனம் ஆடிவிட்டது, மறைக்க மாட்டேன். ஒரு வீடு, ஒரு துணை, தவணை பற்றிய பயம் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். காவிரிக் கரையில் போகவும் வரவுமாக நடந்தேன். இருக்கலாம் என்று போவேன், முடியாது என்று திரும்புவேன்.

மறுநாள் களத்துமேட்டில் பெண்கள் கேட்டார்கள். "ஏ சிலோன்காரி, அந்தத் தேயிலை மலை எப்படித்தான் இருக்கும்?"

சொல்ல ஆரம்பித்தேன். பனி இறங்கினால் பக்கத்து வரிசையில் நிற்பவளே தெரியமாட்டாள், குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்போம் என்றேன். அட்டை கடித்த இடத்தில் நீங்கள் சுண்ணாம்பு வைத்ததைச் சொன்னேன். விடிய விடியக் காமன் கூத்து பார்த்ததைச் சொன்னேன். கங்காணியை நீங்கள் அவர் முன்னாலேயே நடித்துக் காட்டியதைச் சொன்னபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது. அத்தனை கதையிலும் உங்கள் தம்பி ஓர் இடத்தில்கூட வரவில்லை. நான் வந்தேன், நீங்கள் வந்தீர்கள், மலை வந்தது. அவர் போனதால் என் வாழ்க்கையே போய்விட்டது என்று நினைத்திருந்தேனே!

கொடிக்கால்காரரிடம் போய்ச் சொன்னேன். "கோவிச்சுக்காதீங்க. எனக்கு அங்க ஒரு ஆளு இருக்காங்க."

"யாரு?"

"எங்க மதினி."

சிரித்துவிட்டு, "அப்ப தாமதிக்காத தாயி, கப்பலப் பிடி" என்றார்.

அட்டனில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, மீதியை ஓட்டமும் நடையுமாக வந்தேன். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தியும் கூப்பிடவில்லை. என்னோடு கொழுந்து பறிக்கும் முனியம்மா மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு கீழே வந்தாள். என் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னாள்.

காய்ச்சலில் உங்களுக்கு மூச்சு முட்டியபோது தோட்டத்து லொறியைக் கேட்டார்களாம். கொழுந்தை இறக்கிவிட்டு வரட்டும் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டாராம். கம்பளியில் தொட்டில் கட்டி, ஆஸ்பத்திரிக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டும் முன்னாலேயே உங்கள் உயிர் போய்விட்டதாம். நான் அப்போது காவிரிக் கரையில் நடந்துகொண்டிருந்தேனோ?

கருமாதிக்கு வந்த உங்கள் தம்பி, நான் திரும்பியது கேள்விப்பட்டு மறுபடியும் வந்தார். அந்தப் பெண் இவரை விட்டுப் போய்விட்டாளாம்.

"பழசெல்லாம் விட்டுரு. வா, ராகலைக்குப் போயிருவோம்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை மதினி. "ஒங்க அக்கா செத்ததுக்கு நாம ரெண்டு பேரும் அழுவோம். அது ஒரு பக்கம். நான் வரமாட்டேங்க" என்றேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

முனியம்மாவுக்கு இப்போது நிறைமாதம். அவளுக்கு வலி எடுக்கும்போதும் லொறி கொழுந்துதான் ஏற்றிக்கொண்டிருக்குமா? இந்தக் கேள்விதான் என்னை உட்கார விடுவதில்லை. லயம் லயமாக நடந்து பெண்களிடம் பேசிவிட்டேன். நாளைக்குக் காலையில் ஒருத்தியும் கூடை எடுக்க மாட்டோம். நோயாளி இருந்தால் லொறி முதலில் நோயாளிக்குத்தான் என்று தோட்டத்தை நடத்தும் தொரை வாயால் சொன்ன பிறகுதான் மலை ஏறுவோம்.

முதலில் பேசுவது யார் என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் பேசுகிறேன் என்றேன். தோட்டத்தை விட்டு விரட்டினாலும் விரட்டுவார்கள். தொரை முன்னால் குரல் நடுங்கும், எனக்குத் தெரியும். நடுங்கட்டும். பதில் வரும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன் மதினி. இது உங்கள்மேல் சத்தியம்.

தம்பி பெண்டாட்டியாக வந்து, உங்களுக்குத் தங்கச்சியாகவே இருந்துவிட்ட
அழகம்மா