எனக்கென்று பிடித்து வைத்த தனிக் குடம்

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

உன் மேல் கோபமாக இருக்கிறேன். செத்துப்போனவளிடம் யாராவது கோபப்படுவார்களா என்று பக்கத்து வீட்டு ராணி சித்தி கேட்கிறாள். நான் படுகிறேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது. அழுகை குறைந்திருக்கிறது, கோபம் மட்டும் குறைய மாட்டேன் என்கிறது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குக் கடைசி வரை புரியவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். "எம்பொண்ணு தஞ்சாவூர்ல பெட்ரோல் ஆபீஸ்ல பெரிய அதிகாரி" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாய். அதை நம்பி, வண்டிக்குக் குறைந்த விலையில் பெட்ரோல் கிடைக்குமா என்று என்னிடமே வந்து நின்றவர்கள் உண்டு.

எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! பெட்ரோல் பங்க்கில் பூமிக்கடியில் தொட்டி இருக்கும், அது ஓட்டையானால் மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போகும், அதற்காக ஒவ்வொரு பங்க்காரரும் வருஷா வருஷம் அரசுக் காப்பு நிதிக்குக் கட்டி வருவார், கசிவு வந்தால் அந்த நிதியிலிருந்து சுத்தம் செய்துகொடுக்க வேண்டும், டெல்டா பக்கத்துக்கு அதைப் பார்த்துக்கொள்வது நான். இவ்வளவையும் சொல்லி முடித்தால், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "சரி சரி, காப்பி ஆறுது, குடி" என்பாய்.

அந்தக் காப்பியைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குக் குத்தாலத்துச் சொந்தம், சீர்காழிச் சொந்தம் என்று கூட்டம் நெரிந்தது. யாரோ என் கையில் ஒரு டம்ளரைத் திணித்தார்கள். வாயில் வைத்தேன், டீசல் வாடை. இத்தனை வருஷமாக எத்தனையோ ஊர்க் கிணற்றடியில் மோந்து பார்த்த வாடை அம்மா அது. உன் வீட்டுக் கூடத்தில், உன் படத்துக்கு முன்னால், என் டம்ளரில்.

"சித்தி, இது எந்தத் தண்ணி?"

"நம்ம அடிபம்புதான். உனக்குன்னு நான் வெச்ச கொடம் காலையிலயே காலியாயிடுச்சு தமிழு."

"எனக்குன்னு என்ன கொடம்?"

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை. "மூணு வருஷமா இப்படித்தான். ஆத்துல தண்ணி வந்து வாய்க்கா நெறஞ்சா பம்புல வாடை வந்துடும், கோடையில கொஞ்சம் கொறையும். நீ வர்ற அன்னிக்கு மட்டும் உங்கம்மா மேலத்தெரு கொழாய்க்குப் போயி ஒரு கொடம் புடிச்சாந்துடும். தமிழுக்குத் தெரிஞ்சா ஆபீஸ்ல எழுதிடுவா, சொந்த ஊருக்குச் சலுகை செஞ்சுக்கிட்டாள்னு அவ பேரு கெட்டுடும், யாரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியமே வாங்கிடுச்சு."

ஆக, என் வேலை உனக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. என்னைவிட நன்றாக.

மேலத்தெருக் குழாயடிக்கா போனாய்? நம் தெருப் பெண்களைக் கடைசியில் நிறுத்தி வைத்தார்கள் என்று, இனி அங்கே குடம் வைக்க மாட்டேன் என சபதம் போட்டவள் நீ. கலெக்டர் ஆபீசுக்கு நாலு தரம் நடந்து இந்த அடிபம்பை வாங்கி வந்தவளும் நீ. எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுக்க அந்தச் சபதத்தை எத்தனை தடவை உடைத்தாய்? மாதம் இரண்டு முறை வந்தேனே, அத்தனை தடவையுமா?

அது போகட்டும். நீ என்ன குடித்தாய் அம்மா?

பம்புத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தாயாம். டீசல் துணியில் நிற்குமா? மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே! உன் நெஞ்சுவலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவக் கல்லூரி டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். அவர் சொல்வதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

சாலையோரம் மூடிக் கிடக்கிற பங்க் இருக்கிறதே, அதன் சொந்தக்காரர் ஹாஜா பாய் அன்றைக்கு உன் காரியத்துக்கு வந்திருந்தார். டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். மோந்து பார்த்தார். "பங்க்க மூடுனப்ப மெஷினத்தான் எடுத்தாங்கம்மா. தொட்டி மண்ணுக்குள்ளயே கெடக்கு. அல்லா சத்தியமா எனக்கு இது தெரியாது. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். மறுநாளே நிதிக்கு விண்ணப்பம் போட்டார். தெருவுக்குத் தினம் ஒரு டேங்கர் தண்ணீரும் அவர் செலவில்தான் வருகிறது.

என் சொந்தத் தெரு என்பதால் நான் இந்தக் கோப்பைத் தொடக் கூடாது. ஒதுங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். சென்னையிலிருந்து குமரன் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்றுதான் இருந்தேன், அந்த ஒரு வருஷ விதி ஞாபகம் வரும் வரை.

கசிவு தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் நிதிக்குச் சொல்லியாக வேண்டும். தாண்டினால் ஒன்றும் கிடையாது. யாருக்குத் தெரிந்த நாள் என்று விதியில் இல்லை. போன வருஷம் சீர்காழிப் பக்கம் ஒரு கிராமத்தில் இதே கேள்வி வந்தது. ஊரில் முதலில் யாருக்கு வாடை தெரிந்ததோ அன்றிலிருந்து கணக்கு என்று குறிப்பு எழுதியது யார் தெரியுமா? உன் மகள்தான். அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு வருஷமாக வாடை அடிக்கிறது என்றார்கள். அப்படியானால் காலம் கடந்துவிட்டது என்று கோப்பை மூடிவிட்டு, மத்தியானம் தயிர்ச்சாதம் சாப்பிட்டேன்.

இப்போது நம் தெருவின் முறை. அடிபம்படியில் நாற்காலி போட்டு விசாரணை. மனு கொடுக்கப் போனால் கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது நம்மவர்கள் வழக்கமில்லையா? அதிக நாள் கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் அதிகாரிகள் இரங்குவார்கள் என்று நினைப்பு.

"எத்தனை நாளா வாடை வருது?" என்றார் குமரன்.

"மூணு வருஷமா சார்" என்றாள் ராணி சித்தி.

"மூணா? அஞ்சு இருக்கும் சார்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"என் மக வயசுக்கு வந்ததிலேர்ந்து சார்! ஏழெட்டு வருஷம் இருக்கும்" என்று இன்னொரு அக்கா குரலை உயர்த்தினாள்.

ஒவ்வொருவரும் வருஷத்தைக் கூட்டக் கூட்ட, தங்கள் தண்ணீரைத் தாங்களே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து சொல்லிக்கொடுத்தால் தப்பு. பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் தாடை இரண்டு நாள் வலித்தது. உனக்காவது மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தது, எனக்கு மூன்று நிமிஷமே பெரும்பாடாக இருந்தது.

கடைசியில் குமரன் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க இந்த வீட்டுப் பொண்ணுங்கிறதால கேக்கறேன். உங்களுக்கு எப்பத் தெரியும்?"

தெரியாது, அம்மா சொன்னதில்லை என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். அதுவும் உண்மைதான். அவருக்கும் அது போதும் என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் சீர்காழிப் பெண்கள் என் முன்னால் உண்மையைத்தானே சொன்னார்கள்? அவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? குடத்துக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். உனக்கு மூன்று வருஷமாகத் தெரியும் என்றும் சொன்னேன். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

குமரன் பேனாவை மூடினார். "மேடம், உங்க குறிப்பை வெச்சே இந்த ஃபைலத் தள்ள வேண்டியிருக்கும்."

"தள்ளணும்னா தள்ளுங்க. அந்தக் குறிப்பே தப்புன்னு நான் இன்னிக்கே எழுதித் தர்றேன்."

எழுதியும் கொடுத்தேன். வாடையை முதலில் அறிகிறவள் தண்ணீர் எடுக்கிற பெண். அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? சில பேர் சொல்ல முடியாமல் இருக்கிறார்கள். சில பேர் உன்னைப் போல, சொன்னால் பிள்ளைக்குக் கெடுதல் என்று விழுங்கிக்கொள்கிறார்கள். ஆகவே தண்ணீரைப் பரிசோதித்து முடிவு வந்த நாளிலிருந்துதான் கணக்கு வைக்க வேண்டும், சீர்காழிக் கோப்பை முதலில் திறக்க வேண்டும், நம் தெருவை அதற்குப் பிறகு பார்த்தால் போதும் என்று எழுதினேன்.

நீ பயந்தது அப்படியே நடந்தது. சொந்த ஊருக்காக விதியை வளைக்கிறாள் என்று எனக்கு மெமோ வந்திருக்கிறது. மாதம் இரண்டு முறை போய்வந்த வீட்டில் மூன்று வருஷமாக எனக்கே தெரியாமல் எப்படி இருந்தது என்று அதில் ஒரு கேள்வி. பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்துப் போட்டேன். கடைசியில் ஒரே வரியில் பதில் அனுப்பினேன்: "நான் போகும்போதெல்லாம் என் அம்மா எனக்கு மட்டும் நல்ல தண்ணீர் கொடுத்தாள்."

அதைத் தட்டச்சு செய்யும்போதுதான் கோபத்தையும் மீறி ஓவென்று அழுதேன். ஆபீசே எழுந்து பார்த்தது.

முடிவு நிதிக் குழுவின் அடுத்த கூட்டத்தில்தான் தெரியும். சீர்காழிப் பக்கத்து ஊருக்கு நேரில் போய், உங்கள் கோப்பை மூடியது நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருத்தி என்னைக் கண்டபடி திட்டினாள், வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்தவள் தண்ணீர் கொடுத்தாள். டீசல் வாடைதான். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

எதுவானாலும் சத்தியமாகச் சொல்கிறேன், விட மாட்டேன். இந்த நாற்காலி இருந்தாலும் போனாலும் அலைவேன். மண் ஒரு வருஷத்தில் சுத்தமாகாது, அது எனக்குத் தெரியும். பரவாயில்லை. உன் தனிக் குடம் இப்போது டேங்கர் வரிசையில் எல்லாக் குடங்களோடும் நிற்கிறது. ஊருக்கு வந்தால் நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். நம் பம்பில் நல்ல தண்ணீர் வருகிற அன்றைக்கு அதே குடத்தில் பிடித்து, முதல் காப்பியை உன் படத்துக்கு முன்னால் வைப்பேன்.

துளி வாடை அடித்தாலும் சொல்லிவிடு அம்மா. இந்தத் தடவையாவது என்னிடம் மறைக்காதே.

இன்னும் கோபம் தீராத உன் மூத்த மகள்,
தமிழரசி